தஸ்நேவிஸின் தலைச்சரக்கு

நெடுங்கரை சர்க்கரை ஆலைக்குப் பின்னால், மொலாசஸ் தொட்டிகளையும் தாண்டி, வடிசாலை என்று போர்டு எழுதி வைத்துவிட்டு ஆலைக்காரர்களே டிஸ்டில்லரி என்று கூப்பிடும் இடத்தில் இருபத்தாறு வருஷம் சாராயம் வடித்த தஸ்நேவிஸ், சித்திரை மாசத்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஷிப்ட் முடித்து ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் ஆவியாகிப் போனார்.

அவர் மனைவி ஜெசிந்தா அப்போது அடுக்களையில் மீன்குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை கூப்பிட்டாள், நாலாவது தடவை கூப்பிடும் பழக்கம் அவளுக்கு இல்லை, கரண்டியோடு வெளியே வந்தாள். நாற்காலியில் பனியனும் கைலியும் மட்டும் ஆள் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தன. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே காற்று கானல் மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போய்த் தொலைந்தார் என்று திட்டிக்கொண்டே அடுக்களைக்குத் திரும்பினால், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று காலையில் ஐஸ் போட்டு மீதி மீனை வைத்திருந்த பெரிய அலுமினிய அண்டா குளிக்க வைத்த எருமை மாதிரி உடம்பெல்லாம் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. தரையில் ஈரம் கிடந்தால் ஜெசிந்தாவுக்கு ஆகாது. கான்வென்டில் சிஸ்டர்மார்கள் பன்னிரண்டு வருஷம் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில் ஆங்கிலம் பாதிதான் தங்கியது, தரை துடைப்பது முழுசாகத் தங்கியது. துணியால் ஒற்றிப் பக்கெட்டில் பிழிந்தாள், ஒற்றிப் பிழிந்தாள், ஒரு பக்கெட் நிறைந்து ரெண்டாவது பக்கெட்டும் நிறைந்து, துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் டப்பில் கொட்டிவிட்டு மூன்றாவதையும் நிறைத்துக்கொண்டிருக்கும்போதுதான் வாசனை மூக்கில் ஏறியது. ஈஸ்ட், சந்தனப் பவுடர், பீடி, வெயிலில் காய்ந்த தலைமயிர். இருபத்தாறு வருஷமாகப் பக்கத்துத் தலையணையிலிருந்து வந்த வாசனை.

அப்புறம் அவள் அவசரப்படவில்லை. ஒரு சொட்டு விடாமல் எடுத்து டப்பில் சேர்த்து, மேலே ஈரச்சாக்கு போட்டு மூடி, குழம்பை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். வெயில் தாழ்ந்து ஆலைச் சங்கு ஊதியதும் டப்பிலிருந்து தஸ்நேவிஸ் எழுந்து உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன மிஸ், காப்பி உண்டா இல்லியா?" என்று கேட்டார்.

மிஸ் என்பது அவர் அவளுக்கு வைத்த பேர். கல்யாணமான மறுநாள், அவர் 'ஷிப்ட்' என்பதை 'சிப்ட்டு' என்று சொன்னதை அவள் திருத்தப் போக, அன்றைக்கு வைத்தது. குழந்தை குட்டி இல்லாத வீட்டில் அந்த ஒரு சொல்தான் காலையிலிருந்து ராத்திரி வரை ஓடியாடிக்கொண்டிருக்கும்.

மறுநாளும் ரெண்டு மணிக்கு ஆவியானார். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் பி டைப் லைனில் இருந்த பதினெட்டு வீட்டுக்கும் விஷயம் தெரிந்து, யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் ஆலைக் குடியிருப்பில் ஆண்கள் ஒவ்வொரு விதமாகக் கரைந்துபோவது வழக்கம்தான். கல்லீரலில் போனவர்கள் நாலு பேர், தண்டவாளத்தில் போனவர்கள் ரெண்டு பேர், ஒருத்தர் கோயம்புத்தூருக்குப் போய் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார். தினமும் சாயங்காலம் திரும்பி வருகிற புருஷன் ஜெசிந்தாவுக்குத்தான் வாய்த்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். ஐஸ் வண்டிக்காரன் தினம் ஒரு பாளம் கொண்டுவந்து இறக்கினான். பங்குச் சாமியாரிடம் இந்த நிலைமையில் அவர் நற்கருணை வாங்கலாமா என்று ஜெசிந்தா கேட்டதற்கு, ஃபாதர் ஒருநாள் அவகாசம் கேட்டு யோசித்து, காலை ஆறு மணிப் பூசையில் வெயில் ஏறுவதற்குள் வாங்கிக்கொண்டு போய்விட்டால் பாதகமில்லை என்றார்.

தஸ்நேவிஸோடு ஒரே ஷிப்டில் நின்ற இளையபெருமாள் மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சாராயம் ஆவியாக எழுபத்தெட்டு டிகிரி வேணும், என்னதான் சித்திரை வெயில் என்றாலும் நாற்பத்திரண்டுக்கு மேல் போகாது, கணக்கு உதைக்கிறதே என்றான்.

"அது உங்க ஆலையில," என்றாள் ஜெசிந்தா. "இது என் வீட்டு அடுக்களை."

கணக்கு உதைத்ததோ இல்லையோ, தஸ்நேவிஸுக்குத் தலைவலி வந்தது. டப்பிலிருந்து எழும்பும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், கண் மங்கலாகத் தெரிகிறது என்றார், காப்பி டம்ளரை வைக்கப் போய் மேஜைக்கு வெளியே வைத்தார். இளையபெருமாள் வந்து, ஜெசிந்தா எப்படிப் பிடிக்கிறாள் என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டான். நீங்க எல்லாத்தையும் ஒண்ணா சேக்குறீங்களே அக்கா, என்றான். அவன் சொல்லித்தான் அவளுக்குத் தொழில் தெரிந்தது. வடிக்கும்போது முதலில் வருவது தலைச்சரக்கு. லேசானது எல்லாம் அதில்தான் வரும், மூக்கில் சுருக்கென்று ஏறும், உள்ளே போனால் கண்ணைப் பறிக்கும். அதைக் கழித்துவிட வேண்டும். அடுத்து வருவது நடுச்சரக்கு, அதுதான் சரக்கு. கடைசியில் வருவது வால், கனமானது, நனைந்த சாக்கு மாதிரி நாறும், அதையும் எடுத்துவிட வேண்டும். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தால் எது எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும்.

"தலைய வச்சுக்கிட்டா கண்ணு போயிரும் அக்கா. அண்ணனே எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

நாலு நாளில் ஜெசிந்தா தேர்ந்துவிட்டாள். முதல் அரைச் சொம்பு தனியாக, கடைசி அரைச் சொம்பு தனியாக, நடுவில் வந்தது மட்டும் டப்பில். வாலைச் சாக்கடையில் ஊற்றினாள், ஊற்றும்போது ஒரு சந்தோஷம்கூட இருந்தது, ஏனென்றால் வாலோடு குறட்டை போயிற்று, காலுறை நாற்றம் போயிற்று, தம்பி பாகத்தில் ஏமாற்றிவிட்டான் என்று பத்தொன்பது வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து வைக்கும் புலம்பல் போயிற்று. தலைவலியும் போய், கண்ணும் தெளிந்து, ஈரத்துண்டைக் கட்டிலில் போடாத, கைலியை மடித்து வைக்கிற, போட்டதைச் சாப்பிடுகிற தஸ்நேவிஸ் சாயங்காலம் சாயங்காலம் டப்பிலிருந்து எழுந்தார். லைனில் பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆலை டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்த கமலவேணி, என் வீட்டுக்காரரையும் ஒரு வாட்டி காய்ச்சித் தாங்களேன் அக்கா என்று கேட்டாள்.

"நடுன்னு ஒண்ணு இருக்கற ஆளாப் பாத்துத்தான் கமலவேணி காய்ச்ச முடியும்," என்றாள் ஜெசிந்தா. கமலவேணி கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தாள், சிரித்துக்கொண்டே அந்த அரைச் சொம்பை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

அந்த அரைச் சொம்பில்தான் எல்லாம் கெட்டது. தலைச்சரக்கு வாயில் வைக்கத்தான் ஆகாது, வெளி உபயோகத்துக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது. டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் தீர்ந்து ரெண்டு வாரம் ஆகியிருந்தது, ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் நனைத்துத் துடைக்கக் கமலவேணி ஒரு புட்டி வாங்கிப் போனாள். ஆலை கேட்டுக்கு எதிரில் நகைக்கடை வைத்திருந்த ஆசாரி, புகையாமல் நீலமாக எரியும் என்று விளக்குக்கு ஒரு புட்டி வாங்கிப் போனார். ஆலைப் பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியார் ஒரு ஓணானைப் போட்டு வைக்க வாங்கிப் போனார். கோவில் பெஞ்சுகளுக்கு மெருகு போட அரக்கைக் கரைக்க வேண்டும், அதற்கு ஃபாதரே ஆள் அனுப்பினார். ஜெசிந்தா இல்லை என்று சொல்லவில்லை. கொடுப்பதில் ஒரு பெருமை இருந்தது. இத்தனை வருஷம் அவரால் லைனுக்கு ஒரு பிரயோஜனம் உண்டா என்று கேட்டவள் அவள்தான்.

வைகாசி பிறந்தபோது ஊரே கொஞ்சம் லேசாகிவிட்டிருந்தது. டிஸ்பென்சரியில் ஊசிக்கு வந்த பிள்ளைகள் பஞ்சு தொட்டதும் அழுகையை நிறுத்திவிட்டுக் கெக்கலித்தன, அதிலும் ஒரு பிள்ளை ஊசி போட்ட கையைத் தூக்கிக்கொண்டு சீட்டி அடித்தது. ஆசாரி கடை விளக்கிலிருந்து தஸ்நேவிஸின் பழைய நையாண்டி எல்லாம் மெல்லிசாகக் கேட்கும் என்று உடைந்த வளையலை ஒக்கிட்டுப் பற்றவைக்க வந்தவர்கள் ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்து போனார்கள். பாட்டிலுக்குள் ஓணான் ஒரு பக்கமாகச் சிரித்தபடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின்போது புது மெருகு போட்ட பெஞ்சுகள், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது அவர் முனகும் மெட்டை அடியிலிருந்து முனகின, உட்கார்ந்திருந்தவர்களுக்கு இடுப்பு வலி விட்டது, காணிக்கைத் தட்டு வரும் வரைக்கும் யாருக்கும் எழுந்து போகத் தோன்றவில்லை. எல்லாரும் ஜெசிந்தாவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவள் வழக்கமாக உட்காருவது கடைசி பெஞ்சு. அரக்கு அது வரைக்கும் எட்டவில்லை.

வீட்டில் அவர் சீட்டி அடிப்பதை எப்போது விட்டார் என்று அவளுக்குத் தெரியாது. சத்தம் இல்லாமல் இருப்பது நன்றாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் நையாண்டி நின்றது. திட்டினால் திருப்பிச் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். உப்புக் கூடின குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். ஒரு சாயங்காலம் ஐஸ்காரன் பாளத்தைச் சின்னதாகக் கொடுத்துவிட்டான் என்று அவள் டப்புக்குப் பக்கத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தபோது, தஸ்நேவிஸ் எழுந்து உட்கார்ந்து, அவளைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் ஒருதரமும் காட்டாத மரியாதையோடு, "நீங்க யாருங்கம்மா?" என்று கேட்டார்.

ஜெசிந்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

டிஸ்பென்சரிக்குப் போய்ப் புட்டியைக் கேட்டாள். கமலவேணி காலிப் புட்டியைக் காட்டினாள். ஊசி போட்ட பிள்ளைகளையாவது கூட்டிக்கொண்டு வா என்றாள் ஜெசிந்தா.

"கையில தடவினா ரெண்டு எண்ணறதுக்குள்ள காஞ்சிரும் அக்கா. அதுல எத நான் திருப்பித் தர்றது?"

ஆசாரி விளக்கு எரிந்து முடிந்து திரி கருகிக் கிடந்தது. அரக்கு மரத்தோடு இறுகிவிட்டது, சுரண்டினால் பெஞ்சு போய்விடும் என்று கோவிலைப் பெருக்கி மணி அடிக்கும் குட்டியார் சொன்னார். சயின்ஸ் வாத்தியார் மட்டும் நல்ல மனுஷர், ஓணானை எடுத்துவிட்டு பாட்டிலைத் தந்தார். அதை அவள் டப்பில் ஊற்றிப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் தஸ்நேவிஸ் எழுந்து வெகுநேரம் சுவரில் ஒரு ஈயையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தலையைக் கழிப்பதை நிறுத்தினாள். முதல் சொட்டிலிருந்தே பிடித்தாள், தரையில் சிந்தியதை ஒற்றிப் பிழிந்தாள், கதவிடுக்கில் எல்லாம் ஈரத்துணி அடைத்தாள், கண் போனாலும் போகட்டும் என்று வேண்டிக்கொண்டுகூட இருந்தாள். ஒன்றும் மாறவில்லை. இளையபெருமாளைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் முதலில் விழுந்த சொட்டை உள்ளங்கையில் தேய்த்து மோந்தான், நடுவில் மோந்தான், கடைசியிலும் மோந்து பார்த்துவிட்டு, கோவிலுக்குள் நுழைந்த மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தலையும் இல்ல, வாலும் இல்ல. மொதச் சொட்டும் கடைசிச் சொட்டும் ஒண்ணா இருக்கு. இப்படி ஒரு சரக்கு எடுக்க நாங்க ஆலையில தலகீழா நின்னோம் அக்கா."

"எதாவது மிச்சம் இருக்குமா?"

எத்தனை தடவை காய்ச்சினாலும் நூற்றுக்கு நாலு ஐந்து பங்கு தண்ணீர் மட்டும் பிரியவே பிரியாது என்றான் அவன். சாராயத்தோடு ஒட்டிக்கொண்டு கூடவே ஆவியாகும், கூடவே இறங்கும், நெருப்பால் அதைப் பிரிக்க முடியாது. அந்த ஐந்து பங்கை ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள். ரெண்டு நாள் அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. பிரியாமல் நிற்பது என்றால் அது அவளாகத்தான் இருக்க வேண்டும், இருபத்தாறு வருஷம் ஒரு மனுஷனோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் நூற்றுக்கு ஐந்தாவது உள்ளே இறங்கியிருக்காதா. தினமும் காய்ச்சியதில் ஆளும் குறைந்திருந்தார், டப்பில் பாதிதான் நின்றது, உட்கார்ந்தால் தலை மேஜை விளிம்புக்குத்தான் வந்தது. உடம்பு தேறட்டும் என்று தண்ணீர் விட்டுப் பார்த்தாள். ஒரு சொம்பு அவரும் ஒரு சொம்பு தண்ணீரும் கலந்தால் ரெண்டு சொம்பு வரவில்லை, கொஞ்சம் காணாமல் போனது. கலக்கும்போது சூடு மட்டும் பரவியது. ஜெசிந்தாவுக்கு இது ஒன்றும் புதுசாகத் தெரியவில்லை. பழைய அளவுக்கு வளர்ந்து, காய்ச்சல்காரன் மாதிரிக் கதகதப்பாக எழுந்து உட்கார்ந்த தஸ்நேவிஸிடம் தன் பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், கல்யாணம் நடந்த வருஷத்தைச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்படிங்களா," என்றார். "உக்காருங்க." டப்பில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

மறுநாள் மத்தியானம் தண்ணீரை டப்பிலேயே விட்டுவிட்டு அவர் மட்டும் கிளம்பினார்.

கலால் இன்ஸ்பெக்டர் வடமலை டிஸ்டில்லரி கேட்டில் இருபது வருஷமாக இருக்கிறவர், ஆலையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சொட்டுக்கும் பூட்டும் சீலும் வைக்கிறவர். பி டைப் லைனில் ஒரு வீட்டில் இத்தனை நாளாக ஒருத்தர் காய்ச்சப்பட்டுக்கொண்டிருப்பது அவருக்கும் முதலிலிருந்தே தெரியும், நமக்கு வேண்டியவர்தானே என்று விட்டிருந்தார். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சங்கடப்பட்டுக்கொண்டே உள்ளே வந்து, கண்ணாடிக் குழாய் மாதிரி இருந்த மானியை டப்பில் மிதக்கவிட்டுப் பார்த்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து காட்டியது. இவ்வளவு சுத்தமான சரக்கை வீட்டில் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை, புருஷன் என்றாலும் இல்லை. அசுத்தமாக இருந்தபோது அவரைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை, ஜெசிந்தாதான் சுத்தம் பண்ணிச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். மீதி ஐந்து என்ன என்று கேட்டாள் அவள். தண்ணீர் என்றார் வடமலை. வெறும் தண்ணீரா என்று கேட்டாள். அவர் மானியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, வெறும் தண்ணீர்தானம்மா, என்றார்.

கொட்டிவிடுவது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது என்று சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு குப்பியை எடுத்து வைத்தார். யாரும் குடித்துவிடக்கூடாது என்று ஆலைச் சரக்கில் கலக்கிற கசப்பு மருந்து, கூடவே அடையாளத்துக்கு ஊதாச் சாயம். கலந்துவிட்டால் அது சாராயக் கணக்கில் வராது, வீட்டில் வைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

"பத்துச் சொட்டு போதும்மா. கெடுத்துட்டா வச்சுக்கலாம்."

ஜெசிந்தா குப்பியை வாங்கிக்கொண்டாள். அவளை அறிந்தவர்கள் அவள் இன்ஸ்பெக்டர் முகத்திலேயே வீசியிருப்பாள் என்றுதான் நினைப்பார்கள். அவர் போனதும் டப்புக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து குனிந்து மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. ஈஸ்ட் இல்லை, பவுடர் இல்லை, மனுஷ வாடை இல்லை. பத்துச் சொட்டும் எண்ணி விட்டாள். ஊதா நூல் நூலாக இறங்கிப் பரவியது.

சங்கு ஊதியதும் தஸ்நேவிஸ் எழுந்தார், சங்குப்பூ நிறத்தில், முழங்கை உயரத்தில். எழுந்ததும் அவர் முகம் கோணியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சுருக்கம் விழுவதை அவள் பார்த்தாள். நாக்கை நீட்டினார், புறங்கையால் துடைத்தார்.

"கசக்குது," என்றார்.

அவளிடம்தான் சொன்னார். யாரோ ஒரு பெண்பிள்ளையிடம் என்றாலும், குறை என்று ஒன்றைச் சொன்னார். பொழுது சாயும் வரைக்கும் நாலு தடவை சொன்னார், நாலு தடவையும் அவள் ஆமாம் என்றாள்.

ஆனால் சாயமும் கசப்பும் ஆவியோடு வரக்கூடியவை அல்ல. மறுநாள் மத்தியானம் அவர் போனபோது அவை டப்பின் அடியில் தங்கிவிட்டன, அண்டாவில் வேர்த்து வடிந்தவர் பழையபடி பளிங்கு மாதிரி இருந்தார். எனவே அன்றைக்கும் பத்துச் சொட்டு விட்டாள். அதற்கு மறுநாளும். தினமும் மத்தியானம் அவர் தெளிவார், தினமும் சாயங்காலம் அவள் கெடுப்பாள், அவர் எழுந்து கசக்குது என்பார், அவள் ஆமாம் என்பாள், அந்த வீட்டில் பேச்சு என்று இருந்தது அவ்வளவுதான். குப்பி தீர்ந்தபோது வடமலை இன்னொன்று கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போனார். லைனில் பெண்கள் வருவது நின்றுவிட்டது. ஊதாப் புருஷனைப் பார்த்து யாருக்கும் பொறாமை வரவில்லை.

ஆனியில் அவர் டப்பிலிருந்து குடத்துக்கு மாறினார், ஆடியில் குடத்திலிருந்து சொம்புக்கு. ஆவணியில் எவர்சில்வர் டம்ளரில் இருந்தார், சுண்டுவிரல் அளவுக்கு, குரல் காதை டம்ளரின் வாய்க்குள் வைத்தால்தான் கேட்கும். பத்துச் சொட்டு ஐந்தாகி, மூன்றாகி, ஒரு சொட்டாயிற்று. ஒரு சாயங்காலம் சங்கு ஊதி முடிந்து வெகுநேரமாகியும் டம்ளருக்குள்ளிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அண்டாவைத் தடவிப் பார்த்தாள், தரையைத் தடவிப் பார்த்தாள், எல்லாம் ஈரமில்லாமல் துப்புரவாக இருந்தன. டம்ளரின் அடியில் மட்டும் ஊதாவாக ஒரு வளையம் ஒட்டியிருந்தது.

புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வளையம் போய்விட்டது, கசப்பு போகவில்லை. அந்த டம்ளரில் எதை ஊற்றினாலும் கசக்கிறது. ஜெசிந்தா காலையிலும் சாயங்காலமும் அதில்தான் காப்பி குடிக்கிறாள். சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் எந்த வீட்டிலும் சர்க்கரைக்குக் குறைவில்லை. அவள் போட்டுக்கொள்வதில்லை.